தொழிலாளர் இலாகா ஆர்டர் கையில் இருக்கிறது, பணம் எப்படி வரும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டம் கைமாறி ஆட்குறைப்பு நடந்தால், நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு இழப்பீட்டுக் கணக்கு தெரிந்துவிடும். 5 வருடம் அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம்; 11 வருடம் என்றால் 220 நாள். வேலை முடிந்து 7 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார், விசாரணை, ஆர்டர். இதற்கு வக்கீல் கட்டாயமில்லை.

ஆர்டர் வந்தும் முதலாளி அசையவில்லை என்றால்தான் பலர் திகைத்துப் போகிறார்கள். சில நாடுகளில் தீர்ப்பை நிறைவேற்றவே தனி தேசிய அமைப்பு உண்டு. இங்கே அது பெய்லிஃபின், அதாவது சொத்தை ஜப்தி செய்யும் நீதிமன்ற அதிகாரியின் வேலை. இலாகா ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நேராக அவரிடம் போக முடியாது. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, சான்றளித்த நகலை இலாகா செஷன்ஸ் அல்லது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே பதிவானதும் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். எனவே "நகல் போய்விட்டதா, பதிவு எண் என்ன?" என்று இலாகாவில் கேட்டுக்கொண்டே இருங்கள். ஃபைல் தானாக நகரும் என்று நம்பி உட்கார்ந்தால் சரிப்படாது.

அப்புறம் ஜப்தி மனு. செலவுக்கு முன்பணம் கேட்பார்கள்; பிறகு அதை எதிராளியிடமே வசூலிக்கலாம். எந்தப் பொருள், எங்கே இருக்கிறது என்று பெய்லிஃபுக்குக் காட்டுவதும் மனு போட்டவர் பொறுப்புதான். தோட்டத்து ஷெட்டில் நிற்கும் லாரியைக் காட்டினால், "அது என்னுடையது இல்லை, தவணையில் ஓடுகிறது" என்பார் முதலாளி. உண்மையிலேயே வேறொருவர் உரிமை கோரினால் நீதிமன்றம்தான் முடிவு செய்யும். வண்டி எண், யார் பெயரில் பதிவு என்பதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. எதிராளியின் வங்கிக் கணக்கு தெரிந்தால் அந்தப் பணத்தைப் பிடிக்கவும் மனு போடலாம். என்னைக் கேட்டால், பழைய டிராக்டரை ஏலம் விடுவதைவிட அதுவே மேல்.

நிலம் வேறு விஷயம். இலாகா ஆர்டருக்காக நிலத்தை விற்க உயர் நீதிமன்றம் மட்டுமே உத்தரவிடலாம். ஆனால் அடமானம் வைத்திருக்கும் வங்கி கேட்டு, நீதிமன்றம் தோட்டத்தை ஏலம் விட்டால், தொழிலாளருக்குச் சேர வேண்டிய சம்பளத்தில் 4 மாதம் வரை வங்கிக்கு முன்பே தீர்க்க வேண்டும் என்கிறது 31ஆம் பிரிவு. அந்த ஏலச் செய்தி காதில் விழுந்ததும் இலாகாவுக்குப் போய்விடுங்கள். விற்ற பணம் பிரிந்து போனபின் துரத்துவது கஷ்டம்.