உங்கள் தளத்தின் ஓடை தமிழில் ஒழுங்காக ஓடுகிறதா?

கொழும்பிலிருந்து இயங்கும் தமிழ்த் தளங்களைத் திறந்தால் முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் யூடியூப்புக்கும் பொத்தான்கள் இருக்கின்றன. ஓடை (feed) என்பது, புதிய இடுகைகளைப் பிற செயலிகள் தானாக எடுத்துக்கொள்ளத் தளம் வெளியிடும் கோப்பு. அதற்கான சின்னம் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் ஓடை இருக்கிறது. வேர்ட்பிரஸோ புளொகரோ அதைத் தானாகவே உருவாக்கி வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. பல தளங்களின் இடுகைகளை ஓரிடத்தில் சேர்க்கும் திரட்டிகளும் ஓடை வாசிப்பான்களும் போட்காஸ்ட் செயலிகளும் படிப்பது அந்தக் கோப்பைத்தான். தளத்தை நடத்துபவர் அதைத் திறந்தே பார்த்திராதபோது, அதில் இருக்கும் பழுது பல ஆண்டுகள் அப்படியே கிடக்கிறது.

2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் என்ற ஓடை வாசிப்பான் மூடப்பட்டபோது, தாங்கள் பின்தொடரும் ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு வாசிப்பான்களுக்கு மாற வாசகர்களால் முடிந்தது. ஓடையின் நியமம் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாக இல்லாததால் கிடைத்த வசதி அது. ஒரு சமூக வலைத்தளத்தில் சேர்த்த பின்தொடர்வோரை அப்படி வேறிடத்துக்கு அழைத்துப் போக இயலாது. தமிழ் வாசகர்களை நம்பி எழுதுவோர் ஓடையைக் கவனிக்க இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்து நியமத்துக்கு வருவோம். நியமத்தில் ஒரு வரி தெளிவில்லாமல் இருந்தால், அந்த இடைவெளியை ஒவ்வொரு மென்பொருளும் தன் எண்ணப்படி நிரப்பிக்கொள்ளும். நிரப்புகிறவர் சோதித்துப் பார்ப்பது பெரும்பாலும் ஆங்கில ஓடையை. அதனால் முதலில் உடைவது தமிழும் சிங்களமும் போன்ற மொழிகளின் ஓடைகள்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் 1999 மார்ச்சில் ஆர்.எஸ்.எஸ். என்ற ஓடை வடிவத்தின் 0.90 ஐயும் ஜூலையில் 0.91 ஐயும் வெளியிட்டது. 2000 டிசெம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு வாரிசுகள் வந்தன: ஆர்.டி.எஃப். என்ற தரவு விவரிப்பு முறையின் அடிப்படையிலான 1.0 ஒன்று, மென்பொருளாளர் டேவ் வைனரின் 0.92 மற்றொன்று. 2002 செப்டெம்பரில் வந்த 2.0, 0.92 இன் வழி வந்தது, 1.0 இன் வழி வந்ததல்ல. 2003 ஜூலையில் அதன் ஆவணம் ஹார்வர்டின் பெர்க்மன் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அடிப்படை மாற்றம் இனி இல்லை என்று அந்த ஆவணமே சொல்கிறது. நிலைத்தன்மைக்கு அது நல்லது. ஆனால் அதிலிருந்த தெளிவின்மைகளும் அப்படியே உறைந்துபோயின.

அந்தத் தெளிவின்மைகளைத் தீர்க்கவே 2003 ஜூனில் நிரலாளர் சாம் ரூபி ஒரு விக்கியைத் தொடங்கினார். யாரும் வந்து எழுதலாம் என்று திறந்துவிடப்பட்ட அந்த வேலை, 2004 இல் இணையப் பொறியியல் பணிக்குழுவான ஐ.ஈ.டி.எஃப். இன் கீழ் போய், 2005 டிசெம்பரில் ஆர்.எஃப்.சி. 4287 என்ற எண்ணிட்ட நியம ஆவணமாக வெளிவந்தது. அட்டம் என்ற ஓடை வடிவம் இதுதான். ஐ.ஈ.டி.எஃப். இல் உறுப்பினர் கட்டணம் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. பெரும்பாலோரின் இணக்கமும் இயங்கும் நிரலும் இருந்தால் முடிவு எடுக்கப்படும். 2017 மே மாதத்தில் ஜேசன் ஃபீட் என்ற இன்னொரு வடிவம் வந்தது, மற்ற ஓடைகள் எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். குறிமொழி வேண்டாதவர்களுக்கு அது எளிது.

எதைத் தெரிவது? எழுத்துச் செய்திக்கு அட்டம். போட்காஸ்டுக்கு ஆர்.எஸ்.எஸ். 2.0, ஏனென்றால் போட்காஸ்ட் அடைவுகள் அதைத்தான் கேட்கின்றன. இரண்டையும் அரைகுறையாக வைத்திருப்பதைவிட ஒன்றைச் சரியாக வைத்திருப்பது மேல்.

அடையாளம் மாறக் கூடாது

நாங்கள் பார்க்கும் பழுதுகளில் வாசகரை அதிகம் எரிச்சலூட்டுவது, பழைய இடுகைகள் எல்லாம் ஒரே நாளில் புதியவையாக மீண்டும் வந்து குவிவது. ஒவ்வொரு இடுகைக்கும் ஓடையில் ஓர் அடையாளம் உண்டு. வாசிப்பான் அதை வைத்துத்தான் இது படித்ததா படிக்காததா என்று அறிகிறது. அட்டத்தில் அடையாளம் கட்டாயம். இரண்டு அடையாளங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும் என்றும் நியமம் சொல்கிறது. ஆர்.எஸ்.எஸ். 2.0 இல் அது விருப்பத்துக்குரியது. கொடுத்தால், வேறுவிதமாகக் குறிக்காதவரை அதுவே இடுகையின் நிலையான முகவரி என்று கொள்ளப்படும்.

வேர்ட்பிரஸ் தளத்தை எச்.டி.டி.பி. யிலிருந்து எச்.டி.டி.பி.எஸ். க்கு மாற்றும்போது தரவுத்தளம் முழுவதும் பழைய முகவரியைத் தேடி மாற்றுவது வழக்கம். அந்த மாற்றம் அடையாளத்துக்கான நெடுவரிசைக்குள்ளும் புகுந்துவிட்டால் வாசகருக்கு அத்தனை இடுகையும் புதிது. மாற்றும் கருவியில் அந்த நெடுவரிசையை மட்டும் விலக்கி வைக்க வேண்டும். அதில் பழைய முகவரி இருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. அது முகவரி அல்ல, அடையாளம்.

தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கும் தளங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. யுனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. எழுத்தோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். முகவரியில் அது சதவீதக் குறியீடாகும்போது, ஒரு பைட்டுக்கு % குறியும் இரண்டு எழுத்தும் என, 9 எழுத்தாக நீளும். ‘கொழும்பு’ என்ற சொல்லுக்கு 8 குறி, அதாவது முகவரியில் 72 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டை 200 எழுத்தோடு வெட்டுகிறது. எனவே 22 குறிக்கு மேல், பெரும்பாலும் மூன்றாவது சொல்லிலேயே, தலைப்பு அறுந்துபோகும். அதோடு சதவீதக் குறியீட்டை ஒரு மென்பொருள் பெரிய எழுத்திலும் இன்னொன்று சிறிய எழுத்திலும் எழுதும். உலாவிக்கு இரண்டும் ஒரே பக்கம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வாசிப்பானுக்கு இரண்டு இடுகை. ‘.இலங்கை’ என்று முடியும் முகவரியைத் தமிழில் ஒருமுறையும் அதன் ஆங்கிலக் குறியீட்டு வடிவில் மறுமுறையும் எழுதினாலும் இதே கதைதான். அடையாளத்துக்கு முகவரியையே பயன்படுத்தாமல், தளப் பெயர், அந்தப் பெயர் உங்களிடம் இருந்த ஒரு திகதி, உள் எண் ஆகிய மூன்றையும் கோக்கும் ஆர்.எஃப்.சி. 4151 முறையை எடுத்துக்கொண்டால் இவை எல்லாவற்றிலிருந்தும் தப்பலாம்.

நேரம்

ஆர்.எஸ்.எஸ். இல் திகதி மின்னஞ்சல் திகதியின் வடிவில் இருக்க வேண்டும்: கிழமைக்கும் மாதத்துக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கம், முடிவில் +0530. தளத்தின் மொழியைத் தமிழாக அமைத்ததும் சில வார்ப்புருக்கள் ஓடையிலும் ‘திங்கள்’, ‘ஜனவரி’ என்று எழுதத் தொடங்கும். வாசிப்பானால் அதைப் படிக்க முடியாது. சில வாசிப்பான்கள் தாம் ஓடையை எடுத்த நேரத்தையே போட்டுக்கொள்ளும். வேறு சில 1970 ஆம் ஆண்டுக்கு அனுப்பிவிடும். அட்டத்தில் மாதமும் இலக்கம்தான், 2024-01-15 என்பதுபோல. அதனால் இந்தப் பழுதுக்கு அங்கே இடமில்லை.

கொழும்பு நேரத்தை எழுதிவிட்டு முடிவில் கிரீனிச் நேரம் என்று குறிப்பது அடுத்த பழுது. இடுகை ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் நிற்கும். சில திரட்டிகள் அதை உச்சியில் ஒட்டிவைக்கும், சில அந்த நேரம் வரும்வரை மறைத்துவைக்கும். பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் இணையத்தில் ஏற்றுவோர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை 1996 மே 25 அன்று +6:30 க்கும், ஒக்டோபர் 26 அன்று +6:00 க்கும் மாறியது. +5:30 க்குத் திரும்பியது 2006 ஏப்ரல் 15 அன்றுதான். எல்லா இடுகைக்கும் +05:30 என்று கையால் எழுதிவைத்த நிரல், இடைப்பட்ட பத்தாண்டுப் பதிவுகளின் நேரத்தைத் தவறாகக் காட்டும். நள்ளிரவை ஒட்டியவற்றுக்குத் திகதியே மாறிப்போகும். சேவையகத்தின் நேர வலயத்தை ‘ஆசியா/கொழும்பு’ என்று அமைத்தால் இந்த மாற்றங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

திருத்தம் செய்த நேரத்தையும் வெளியிட்ட நேரத்தையும் அட்டம் தனித்தனியே வைக்கிறது. எழுத்துப்பிழை திருத்தியதற்கெல்லாம் திருத்த நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. எது முக்கியமான மாற்றம் என்பதை நியமம் வெளியீட்டாளரின் தீர்ப்புக்கே விடுகிறது. இறந்தோர் எண்ணிக்கை, பரீட்சைத் திகதி, நீர்வெட்டு நேரம் போன்றவை மாறினால் கட்டாயம் மாற்றுங்கள்.

எழுத்தும் மொழியும்

ஓடையில் எழுத்துரு கிடையாது. யுனிகோட் அல்லாத பாமினியில் தட்டச்சிட்டு எழுத்துருவால் தமிழாகக் காட்டப்படும் பக்கம், ஓடையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அதை யுனிகோடுக்கு மாற்றும்போது வேறொரு பழுது நுழைகிறது. ‘கொ’ வை ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியாகவும் எழுதலாம். ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் ‘கொழும்பு’ என்ற பகுப்பு திரட்டியில் இரண்டு பகுப்பாகப் பிரிந்துவிடும். ‘ஸ்ரீ’ க்கும் யுனிகோடில் இரண்டு எழுத்து முறைகள் உள்ளன. தரவுத்தளத்தில் சேமிக்கும்போதே, இப்படிப்பட்ட வடிவங்களை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. இயல்பாக்கத்தைச் செய்தால் ‘கொ’ சரியாகும், ‘ஸ்ரீ’ சரியாகாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

சுருக்கத்தை எழுத்தால் எண்ணாமல் பைட்டால் வெட்டும் நிரல்தான் மிகக் கொடியது. 3 பைட்டின் நடுவில் வெட்டு விழுந்தால் அந்த இடுகை மட்டுமல்ல, ஓடை முழுவதுமே செல்லாத எக்ஸ்.எம்.எல். ஆகிவிடும். கண்டிப்பான வாசிப்பான் ஒரு வரியும் காட்டாது. வேர்டிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கட்டுப்பாட்டுக் குறிகள், கோப்பின் தொடக்கத்தில் ஒரு வெற்று வரி, இடைவெளிக்கான எச்.டி.எம்.எல். பெயர்க்குறி ஆகியவையும் இதையே செய்யும். குறிப்பாக அந்த வெற்று வரி: ஏதோ ஒரு பி.எச்.பி. கோப்பின் கடைசியில் கூடுதலாகத் தட்டிய என்டர்கள் போதும். எக்ஸ்.எம்.எல். அறிவிப்பு கோப்பின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும்.

மும்மொழித் தளங்கள் பல, மூன்று மொழி இடுகைகளையும் ஒரே ஓடையில் கலக்கின்றன. ஆர்.எஸ்.எஸ். 2.0 இல் மொழி முழு ஓடைக்கும் ஒன்றுதான். ஆங்கிலம் என்று குறித்துவிட்டால், திரைவாசிப்பான் தமிழ் இடுகையையும் ஆங்கிலக் குரலில் வாசிக்க முயலும். பார்வையற்ற வாசகருக்கு அந்தத் தளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அட்டத்தில் ஒவ்வொரு இடுகைக்கும் மொழி குறிக்கலாம். ஆர்.எஸ்.எஸ். தான் என்றால் மொழிக்கு ஓர் ஓடையாக மூன்றைப் பிரியுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் மூன்றையும் அறிவியுங்கள். அனர்த்த எச்சரிக்கைக்கான சி.ஏ.பி. நியமம் ஒரே எச்சரிக்கைக்குள் பல மொழிப் பகுதிகளுக்கு இடம் வைத்திருக்கிறது. களனி கங்கை பெருகும் நாளில் தமிழ்க் குடும்பங்களுக்குச் செய்தி தமிழிலேயே போய்ச் சேர வேண்டும் என்பவர்கள் அந்த வடிவமைப்பைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அளவு

ஓடையில் 10 இடுகை என்பது வேர்ட்பிரஸின் இயல்பு அமைப்பு. நாளுக்கு 40 செய்தி போடும் தளத்தில் அது 6 மணி நேரத்துக்குத்தான் காணும். இரவு தூங்கி எழுந்த வாசகருக்கு நள்ளிரவுச் செய்தி கிடைக்காது. குறைந்தது மூன்று நாளைத் தாங்கும் எண்ணிக்கை வையுங்கள். அதற்கும் பழையதற்கு ஆர்.எஃப்.சி. 5005 காட்டும் காப்பக முறை இருக்கிறது. முழுக் கட்டுரையையும் கொடுத்தால் 50 இடுகைத் தமிழ் ஓடை 700 கிலோபைட்டைத் தொடலாம். 1,000 வாசிப்பான்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து முழுவதையும் எடுத்தால் நாளுக்கு 67 கிகாபைட். மாற்றமில்லாதபோது 304 என்று மட்டும் பதில் சொல்லும்படி சேவையகத்தை அமைத்தால் அதில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆனால் ஓடை உருவான நேரத்தை ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் புதிதாக எழுதும் நிரல் இருந்தால் 304 ஒருபோதும் வராது. கடைசி இடுகையின் நேரத்தையே அங்கே எழுத வேண்டும். தானியங்கிகளைத் தடுக்கும் பாதுகாப்புச் சேவை வைத்திருப்பவர்கள் ஓடை முகவரிக்கு விலக்குக் கொடுங்கள். ஓடையை எடுக்க வருவது எப்போதும் தானியங்கிதான்.

வெளியிடும் பக்கத்திலும் கவனம் வேண்டும். எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. என்ற பழைய முறை வழியே இடுகை அனுப்பும் பழைய செயலிகள் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே அனுப்புகின்றன. அதன் திகதி வடிவில் நேர வலயமும் கிடையாது. நேரம் குறித்து வைத்த இடுகை ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போவது இதனால்தான். 2007 ஒக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 5023, அதாவது அட்டம் வெளியீட்டு நெறிமுறை, இவற்றைச் சீராக்கியது. ஆங்கிலமல்லாத தலைப்பிலிருந்து முகவரித் துண்டை எப்படி அனுப்புவது என்றுகூட அதில் எழுதப்பட்டிருக்கிறது. நல்ல வேலை, ஆனால் பரவலாகவில்லை. வேர்ட்பிரஸ் அதை 3.5 ஆம் பதிப்பில் மையத்திலிருந்து எடுத்துவிட்டது. இன்று புதிதாகச் செயலி எழுதுவோர், வலை நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2017 இல் பரிந்துரையாக்கிய மைக்ரோபப் என்ற வெளியீட்டு முறையைப் பார்க்கலாம். கடவுச்சொல்லுக்குப் பதில் அனுமதிச் சீட்டு.

உங்கள் ஓடையை முதலில் டபிள்யூ3சி யின் ஓடைச் சரிபார்ப்பானில் போடுங்கள். அது பிழையில்லை என்று சொல்லியும் ஒரு வாசிப்பானில் தமிழ் உடைந்தால், அந்த வாசிப்பானை எழுதியவருக்கு முழு ஓடையையும் அனுப்ப வேண்டாம். ஒரே ஓர் இடுகையும் ஒரே ஒரு பழுதும் உள்ள சிறு கோப்பாகச் சுருக்குங்கள். எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, செயலியின் பதிப்பு எண் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். தமிழ் தெரியாதவர் அதைப் படிப்பார். ஆகவே திரைப்பிடிப்போடு யுனிகோட் எண்களையும் கொடுங்கள். பழுது நியமத்தின் வாசகத்திலேயே இருந்தால் ஆர்.எஃப்.சி. ஆசிரியர் அலுவலகத்துக்கு எவரும் பிழைதிருத்தம் அனுப்பலாம். வெளியான ஆவணம் மாறாது, ஏற்கப்பட்ட திருத்தம் அதனோடு சேர்த்துப் பட்டியலிடப்படும். இரண்டு வடிவிலும் எழுதிய ‘கொழும்பு’, 2006 க்கு முந்திய ஒரு திகதி, ‘.இலங்கை’ முகவரி, மும்மொழி இடுகைகள் ஆகியவற்றுக்குத் தலா ஒரு சோதனைக் கோப்பை ஆக்கித் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், வாசிப்பான் எழுதுவோர் அவற்றைத் தங்கள் சோதனைத் தொகுப்பில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம்.