திஸ்: ‘இது’ அன்று, ‘தான்’

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் நிரலில் ‘திஸ்’ (this) என்ற சிறப்புச்சொல் கண்ணில் பட்டதும் மனம் அதை ‘இது’ என்று படித்துவிடுகிறது. அகராதிப்படி சரிதான். ஆனால் இந்தச் சொல்லிடம் கற்பவர்கள் படும் பாட்டில் பெரும்பங்கு அந்த வாசிப்பிலிருந்தே தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

‘இது’ ஒரு சுட்டுப்பெயர். ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்கிறது தொல்காப்பியம். அவற்றுள் இகரம் அண்மையில் உள்ளதைக் காட்டும். (உகரச் சுட்டு யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘உது’, ‘உவர்’ என்று இன்றும் வாழ்கிறது.) எனவே நிரலிலும் ‘திஸ்’ தனக்கு அருகில் இருப்பதைக் காட்டும் என்று நம்பிவிடுகிறோம்: தன்னைச் சூழ்ந்த செயற்கூற்றை (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு, ‘ஃபங்ஷன்’), அல்லது அந்தச் செயற்கூறு எழுதப்பட்டிருக்கும் பொருளை (பண்புகளையும் செயற்கூறுகளையும் சேர்த்து வைத்த தொகுப்பு, ‘ஆப்ஜெக்ட்’). உண்மை வேறு. சாதாரணச் செயற்கூற்றில் ‘திஸ்’ யாரைக் குறிக்கும் என்பது அதை எழுதும்போது முடிவாவதில்லை, அழைக்கும்போதுதான் முடிவாகிறது.

மதிப்புகளை ஏந்தும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் இடம் தருகிறது. ஆகவே ‘கடை’ என்று ஒரு பொருளை வைத்துக்கொள்வோம். அதற்கு ‘பெயர்’ என்ற பண்பு ஒன்று, ‘அறிவி’ என்ற செயற்கூறு ஒன்று. அறிவியின் உள்ளே இருப்பது ‘திஸ்.பெயர்’. கடை.அறிவி() என்று அழைத்தால் கடையின் பெயர் வரும். அதே செயற்கூற்றைச் ‘சந்தை’ என்ற வேறொரு பொருளுக்கும் கொடுத்து, சந்தை.அறிவி() என்று அழைத்தால் சந்தையின் பெயர் வரும். உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை. அழைப்பில் புள்ளிக்கு இடப்புறம் நிற்பது எதுவோ, அதுவே ‘திஸ்’.

இப்போது இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘முருகன் தான் வருவதாகச் சொன்னான்.’ ‘வள்ளி தான் வருவதாகச் சொன்னாள்.’ முதலாவதில் ‘தான்’ முருகன், இரண்டாவதில் வள்ளி. அந்தச் சொல்லுக்கென்று நிலையான ஆள் கிடையாது. எழுவாய் வந்து ஆளைத் தருகிறது. கடை தன் பெயரை அறிவிக்கிறது, சந்தை தன் பெயரை அறிவிக்கிறது. ‘திஸ்.பெயர்’ என்பதற்குத் ‘தன் பெயர்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

சொல்லின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. நார்வேயில் உருவான சிமுலா 67 மொழியில் ‘திஸ்’ இருந்தது. சி பிளஸ் பிளஸை உருவாக்கிய பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் அங்கிருந்து அதை எடுத்தார். அதன் வழியே ஜாவாவுக்குப் போனது. ஸ்மால்டாக் என்ற மொழியின் மரபு அதே இடத்தில் ‘செல்ஃப்’ என்றது, அதாவது ‘தான்’. பைத்தான் நிரலாளர்களும் அதையே எழுதுகிறார்கள். 1995 மே மாதத்தில், பத்தே நாட்களில், பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் எழுதினார். ஒரு பொருளை முன்மாதிரியாகக் கொண்டு இன்னொரு பொருள் அமையும் என்ற கருத்தை அவர் ‘செல்ஃப்’ என்றே பெயர் கொண்ட மொழியிலிருந்து எடுத்தார். ஆனால் தோற்றம் ஜாவாவைப் போல் இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கட்டளை. அதனால் ‘திஸ்’ வந்து அமர்ந்தது.

அடுத்த சொல், பிணைப்பு. ‘திஸ்’ஸுக்கு ஒரு பொருள் வந்து சேர்வதை ஆங்கிலத்தில் ‘பைண்டிங்’ என்கிறார்கள். ‘கட்டுதல்’ என்றும் சொல்லலாம். ஆனால் நிரலைக் கட்டமைப்பதோடு அது குழம்பும். மலர்களைத் தொடுத்த மாலைக்குப் ‘பிணையல்’ என்று பழம்பெயர் உண்டு. தனித்தனியாக இருப்பவை சேர்ந்து நிற்பதும், பிரிக்கவும் முடிவதும் அந்தச் சொல்லில் இருக்கின்றன.

பிணைப்பு அறுந்துபோவதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் அறிவி இயங்கட்டும் என்று கடை.அறிவி என்பதை, அடைப்புக்குறி இல்லாமல், அந்தப் பொத்தானின் நிகழ்வுக்குக் கொடுத்தேன். கடையின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘அன்டிஃபைன்ட்’, அதாவது ‘வரையறுக்கப்படாதது’, என்று வந்தது. ஒரு மாலை முழுவதும் கடையிலேயே பிழையைத் தேடினேன். கடையில் பிழையே இல்லை. நான் கொடுத்தது செயற்கூற்றை மட்டும். கடை உடன் போகவில்லை. அழுத்தும் நேரத்தில் அந்தப் பொத்தானே ‘தான்’ ஆகிவிட்டது! அதனிடம் ‘பெயர்’ என்ற பண்பு ஏது?

புள்ளியே இல்லாமல் வெறுமனே அறிவி() என்று அழைத்தால் எழுவாய் இல்லாத வாக்கியம் போலத்தான். 2009இல் வந்த கண்டிப்பு முறையில் (‘ஸ்ட்ரிக்ட் மோட்’) ‘திஸ்’ வெறுமையாக நின்று பிழை எழும். பழைய முறையிலோ ஓசையில்லாமல், நிரல் முழுவதற்கும் பொதுவான முழுதளாவிய பொருளைப் பற்றிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

எழுவாயை நாமே கையில் எடுத்துத் தரவும் வழி உண்டு. ‘கால்’ (call), ‘அப்ளை’ (apply) என்ற செயற்கூறுகள் இரண்டும் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் பிணைக்கும். 2009இல் சேர்ந்த ‘பைண்ட்’ நிலையாகப் பிணைத்த புதிய செயற்கூற்றையே தரும். அதை இன்னொரு பொருளோடு மறுபடி ‘பைண்ட்’ செய்தாலும் முதல் பிணைப்பே நிற்கும். ‘நியூ’ வைத்து அழைத்தால் மட்டும், அப்போது பிறக்கும் புதுப் பொருளே ‘திஸ்’.

2015இல் வந்த, => என்ற குறியால் எழுதும் அம்புச் செயற்கூறு தனி வகை. அதற்கென்று ‘திஸ்’ கிடையாது. எழுதப்பட்ட இடத்தின் ‘திஸ்’ எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும், எப்படி அழைத்தாலும் மாறாது. அது வரும்வரை, வெளிச் செயற்கூற்றின் ‘திஸ்’ஸை ஒரு மாறியில் எடுத்துவைத்து உள்ளே பயன்படுத்துவது வழக்கம். அந்த மாறிக்குப் பலர் வைத்த பெயர் ‘செல்ஃப்’.

தமிழில் எழுதும்போது ஒரு கவனம் தேவை. ‘கடைதான் அறிவித்தது’ என்று சேர்த்து எழுதினால் அங்கே ‘தான்’ தேற்றப் பொருள், அதாவது உறுதிப்பொருள், தரும் இடைச்சொல். விளக்கங்களில் ‘தன்’, ‘தன்னை’, ‘தனது’ என்ற வேற்றுமை வடிவங்களை எழுதினால் இந்தக் குழப்பம் வராது. நான் அப்படியே எழுதிவருகிறேன்.