டயரைத் தின்னும் மூன்று மில்லிமீட்டர்

காரின் முன்சக்கரங்கள் இரண்டும் இணையாக நிற்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அளந்து பார்த்தால், சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரமும் பின்விளிம்புகளுக்கு இடையிலான தூரமும் சற்றே வேறுபடலாம். முன்பக்கம் குறுகியிருந்தால் டோ-இன், விரிந்திருந்தால் டோ-அவுட். வீல் அலைன்மென்ட் என்று கடையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடைத் திருகி இதைச் சரிசெய்வதுதான்.

மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது? 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர்களில், வேண்டிய அளவுக்கு மேல் 3 மில்லிமீட்டர் டோ-இன் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒவ்வொரு முன்டயரும் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் 50 மீட்டர். அத்தனையும் ரப்பரின் செலவில்.

இதை ஸ்டியரிங் காட்டிக்கொடுக்காது. இரு சக்கரங்களும் எதிரெதிராக இழுப்பதால் வண்டி நேராகவே போகும். கைதான் கண்டுபிடிக்கும். டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். மறுதிசையில் தடவினால் ரம்பப் பல்லைப் போல விரலைப் பிடிக்கும். டோ-இன் மிகுந்தால் வெளிவிளிம்பும், டோ-அவுட் மிகுந்தால் உள்விளிம்பும் முதலில் தேயும்.

உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, தடவினால் ரம்பம் தட்டுப்படவில்லை என்றால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். அது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். பல சிறிய கார்களில் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. மழைநீர் மூடிய குழியில் வேகமாக இறங்கி அது மாறியிருந்தால், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்றே பொருள்.

பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது, சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் கோணம் காஸ்டர். அது டயரை அதிகம் தேய்ப்பதில்லை. பேச்சிப்பாறைச் சாலையில் வளைவு முடிந்ததும், பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இந்தக் கோணம்தான். இரு பக்கமும் இது வேறுபட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

ஆனால் வண்டி இழுத்தாலே அலைன்மென்ட் என்று முடிவுகட்டுவது அவசரம். முதலில் டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் வடியச் சாலை ஓரத்துக்குச் சரிந்திருப்பதாலும் வண்டி இடப்புறம் ஒதுங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று காரையும் தள்ளும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்சிங் குறைபாடுதான், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை.

வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் கடையில் அச்சிட்டுத் தரக் கேளுங்கள். டோ சரியாகி, கேம்பர் மட்டும் எல்லைக்கு வெளியே நின்றால், வளைந்த பாகம் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.