உதவித்தொகை வந்தால் சோம்பல் வருமா?

வேலை இழந்தவருக்கு அரசு மாதாமாதம் பணம் கொடுத்தால் அவர் எதற்காக வேலை தேடப்போகிறார் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பணம் உழைக்கும் விருப்பத்தை எப்படி மாற்றுகிறது என்று புரிய, முதலில் வரியைப் பார்ப்போம். அது கூடினால், கூடுதலாக உழைக்கும் மணி நேரத்துக்குக் கையில் வருவது குறைகிறது. ஓய்வே மேல் என்று தோன்றும். இது பதிலீட்டு விளைவு. வருமானம் குறைந்துவிட்டதே, இன்னும் உழைத்து ஈடுகட்டுவோம் என்றும் தோன்றும். இது வருமான விளைவு. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் முடிவை முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடியாது.

உதவித்தொகையிலோ இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. வேலை கிடைத்தால் தொகை நின்றுவிடும். ஆகவே வேலைக்குப் போவதால் வரும் லாபம் குறைகிறது. கையில் பணம் இருப்பதால் அவசரமும் குறைகிறது. தேடும் காலம் நீள்வது உண்மை. லாபம் குறைந்ததாலா, அவசரம் தணிந்ததாலா என்பதுதான் கேள்வி.

இதைப் பிரித்துப் பார்க்க டேவிட் கார்ட், ராஜ் செட்டி, ஆண்ட்ரியா வெபர் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2007-இல் காட்டிய வழியை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். ஆஸ்திரியாவின் அன்றைய சட்டப்படி, ஒரே நிறுவனத்தில் மூன்றாண்டு முடித்தவரை நீக்கினால் இரண்டு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். 35 மாதத்தில் நீக்கப்பட்டவருக்கு அந்தப் பணம் இல்லை. 36-ஐத் தொட்டவருக்கு முழுத்தொகை. மற்றபடி இருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவர்கள். நாளையே புது வேலையில் சேர்ந்தாலும் இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அதாவது, வேலைக்குப் போவதன் லாபத்தைத் தொடாமல் கையிருப்பை மட்டும் கூட்டும் பணம்! அதைப் பெற்றவர்கள் வேலையில் சேரும் வேகம் 8 முதல் 12 சதவீதம் குறைந்தது. வேலையில் சேர்ந்தால் நின்றுவிடும் உதவித்தொகையை 20 வாரத்திலிருந்து 30 வாரமாக நீட்டியதால் குறைந்ததோ 5 முதல் 9 சதவீதம்தான். லாபம் குறையாவிட்டாலும், அவசரம் தணிந்தாலே தேடல் நீளும் என்று இது காட்டியது. நிதானமாகத் தேடியும் அடுத்த வேலை மேலானதாக அமைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

சமூகப் பாதுகாப்புப் பதிவேடுகள் ஆய்வாளர்களுக்குத் திறந்திருந்ததால்தான் இது முடிந்தது. பதிவேடுகளைப் பூட்டிவைத்துக்கொண்டு ஏழைகளின் சோம்பலைப் பற்றிப் பேசும் அரசுகள்மீது எனக்குக் கோபம் உண்டு.

அடுத்த ஆண்டு செட்டி அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்தார். உதவித்தொகையால் நீளும் காலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் கையிருப்பு கூடியதால் வருவது என்று கணக்கிட்டார். சேமிப்பு வைத்திருந்தவர்களிடம் தொகை கூடியும் தேடும் காலம் பெரிதாக மாறவில்லை. சேமிப்பு இல்லாதவர்களிடம்தான் நீண்டது.