பதினெட்டுக்கு முன் தொழில்: கையெழுத்து யாருடையது?

பள்ளியில் படிக்கும் பெண் தான் வரைந்த படங்களைச் சட்டையில் அச்சிட்டு விற்கிறாள். விற்கலாமா என்றால், பெரும்பாலும் விற்கலாம். சிக்கல் கையெழுத்துப் போடும்போதுதான் வரும்.

மைனர், அதாவது பதினெட்டு நிரம்பாதவர், செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதியே இல்லை என்கிறது. அப்படிச் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் கொஞ்சம் தளர்வு: வேண்டாமென்றால் மைனர் விலகிக்கொள்ளலாம், எதிர்த்தரப்பு விலக முடியாது. பிள்ளைகளை யாரும் ஏமாற்றிவிடக் கூடாதென்று வந்த விதி, தொழில் செய்யும் பிள்ளைக்கு முட்டுக்கட்டையாகிவிடுகிறது. பாக்கியை வசூலிக்க வழக்குப் போட முடியாதென்று தெரிந்த மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு கொடுப்பாரா? இணையத்தில் விற்பனைக் கணக்குத் தொடங்கப் பதினெட்டு வயது கேட்பதும் இதனால்தான். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு நுழைந்தால், கணக்கு முடங்கும் நாளில் பணமும் உள்ளே மாட்டும். பெற்றோர் பெயரில் தொடங்குவதே நேர்வழி. ஆனால் "சும்மா பெயருக்குத்தான் போட்டேன்" என்று அவர்கள் பின்னால் நழுவ முடியாது.

கூட்டுத் தொழிலில் இந்தியச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மைனர் பங்குதாரராக முடியாது; மற்றவர்கள் எல்லோரும் சம்மதித்தால் லாபத்தில் பங்கு பெறலாம். கடன் வந்தால் அந்தப் பங்கோடு சரி, சொந்தச் சொத்தைத் தொட முடியாது. பிரிட்டனில் 16 வயதிலேயே கம்பெனி இயக்குநராகலாம்.

வரித்துறை வயதைப் பார்த்து விட்டுவிடாது. அமெரிக்காவில் சொந்தத் தொழிலின் நிகர வருமானம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டால், சிறுவரானாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். இந்தியாவில் மைனரின் வருமானம் பொதுவாகப் பெற்றோர் கணக்கில் சேரும். சொந்த உழைப்பிலோ தனித்திறமையிலோ சம்பாதித்தது மட்டும் சேராது. படம் வரைந்து ஈட்டிய காசு யாருடையது என்பதற்கு ரசீதுகளை எடுத்து வைப்பது நல்லது.

உரிமம் ஊருக்கு ஊர் மாறும். எலுமிச்சைச் சாறு விற்ற சிறுவர்களிடம்கூட அதைக் கேட்ட கதைகள் உண்டு. அமெரிக்க மாநிலமான டெக்சாஸ் 2019இல் சட்டம் போட்டு, எப்போதாவது மது அல்லாத பானம் விற்கும் சிறுவர்களிடம் உள்ளூர் நிர்வாகங்கள் உரிமம் கேட்கக் கூடாதென்றது.

விற்பனை சூடுபிடித்து வகுப்புத் தோழியைச் சம்பளத்துக்கு வைத்தால் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை, வேலைக்குச் சேரக் குறைந்தபட்ச வயது பொதுவாக 15, இலகுவான வேலைக்கு 13 என்கிறது. முதலாளிக்கும் அதே வயதுதான் என்று சொல்லித் தப்ப முடியாது.