கோயில் நன்கொடைப் பட்டியல் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் அல்ல

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே வியாபாரம் செய்யும் பெண்கள் இப்போது நிறைய பேர். எல்பில், ஹீவூட் தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்கள், இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டி முறுக்கு சுட்டு விற்கிறார்கள். சிலர் ரவிக்கை தைக்கிறார்கள், சிலர் மசாலைத்தூள் அரைக்கிறார்கள். விற்பனை முழுக்க வாட்ஸ்அப், ஃபேஸ்புக், டிக்டாக், ஷாப்பி வழியாகத்தான். இவர்களுக்கு இணைய விற்பனை கற்றுத்தருவது என் தொழில். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, நாளைக்கு உங்க ஃபேஸ்புக் கணக்கு முடங்கிப்போனா, போன தீபாவளிக்கு உங்ககிட்ட வாங்கினவங்களை எப்படித் தேடிப் பிடிப்பீங்க?"

2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 6 மணி நேரம் முடங்கின. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. பலகார ஆர்டர்கள் வரத் தொடங்கும் நேரம் அது. நமக்கு அது நள்ளிரவு என்பதால் பெரிய சேதமில்லாமல் போனது. ஆனால் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தை எத்தனை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்த நிறுவனத்தின் கையில்தான் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. மின்னஞ்சல் பட்டியல், அதாவது வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளை நீங்களே சேர்த்து வைத்திருப்பது, அப்படியல்ல. கடிதங்களை மொத்தமாக அனுப்பித் தரும் சேவை பிடிக்கவில்லையென்றால் பட்டியலை இறக்கிக்கொண்டு இன்னொரு சேவைக்குப் போய்விடலாம்.

"நம்ம ஊர்ல யாரு தம்பி ஈமெயில் பார்க்கிறா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கே பலருக்கு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்ததே கைப்பேசிக் கடைக்காரர்தான், கடவுச்சொல்கூட நினைவிருக்காது. உள்ளூர்க்காரருக்கு வாட்ஸ்அப் போதும், அவரை மின்னஞ்சல் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். ஆனால் உங்கள் பெரிய ஆர்டர்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். கோலாலம்பூர், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்ட நம் ஊர்ப் பிள்ளைகள் அலுவலகத்தில் நாள் முழுக்க மின்னஞ்சலோடுதான் இருக்கிறார்கள். பட்டியல் அவர்களுக்காக.

சேர்ப்பது எப்படி? முறுக்கு டின்னுக்குள் விரலளவு சீட்டு ஒன்று வையுங்கள். "தீபாவளி ஆர்டர் திறக்கும் நாளை முதலில் உங்களுக்குச் சொல்கிறோம். வேண்டுமென்றால் மட்டும் பதிவு செய்யுங்கள்" என்று எழுதி, கீழே கியூஆர் குறியீடு. படிவத்தில் பெயர், மின்னஞ்சல் இரண்டே போதும். அடையாள அட்டை எண்ணையெல்லாம் கேட்கும் படிவங்களைப் பார்க்கிறேன். பலகாரம் விற்க அது எதற்கு? பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நோட்டுப் புத்தகத்தை நீட்டி எழுதி வாங்குவதையும் விட்டுவிடுங்கள். இது ஆங்கில 'l' எழுத்தா, '1' என்ற எண்ணா என்று வீட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு தட்டச்சு செய்தால் பாதிக் கடிதங்கள் திரும்பி வரும். அவரே தன் கைப்பேசியில் பதியட்டும். பதிந்ததும் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போக வேண்டும், அதிலுள்ள இணைப்பை அழுத்தியவர் மட்டுமே பட்டியலில் சேர வேண்டும். எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

இனி, என்னை மிகவும் உறுத்தும் விஷயம். தோட்டப்புற ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். கோயில் உபயக்காரர் பட்டியல், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பட்டியல், கல்யாண அழைப்புப் பட்டியல் எல்லாம் யாரோ ஒருவருடைய கைப்பேசியில் இருக்கும். "நம்ம ஆளுங்கதானே, போட்டுவிடு" என்று அப்படியே விளம்பரம் அனுப்பிவிடுகிறார்கள். அம்மனுக்கு உபயம் செய்யக் கொடுத்த முகவரியை ரவிக்கை விற்க எடுத்தால் அது நம்பிக்கைத் துரோகம். பட்டியலை எடுத்தவரும் அதை எடுத்துக் கொடுத்தவரும் இதில் பொறுப்பு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. எந்த நோக்கத்துக்காக விவரம் வாங்கினோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், விளம்பரம் வேண்டாம் என்று ஒருவர் எழுத்து மூலம் கேட்டால் நிறுத்த வேண்டும். விவரம் எதற்காக என்று சொல்லும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழிலும் சேர்த்துப் போடுங்கள், நம்மவர்கள் படிப்பார்கள். 2024-இல் வந்த திருத்தம், தரவுப் பாதுகாப்பு நெறிகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. வணிகத்துக்காக விவரம் வாங்கும் சிறு வியாபாரிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

கேட்காமல் அனுப்பினால் இன்னொரு அடியும் விழும். நாலு பேர் 'ஸ்பேம்' (வேண்டாத கடிதம்) என்று அழுத்தினால் போதும், உங்கள் கடிதத்துக்காகக் காத்திருப்பவருக்கும் அது குப்பைப் பெட்டிக்குள்தான் போய்ச் சேரும். புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது என்பது கூகுளின் வரம்பு. 500 பேருக்கு அனுப்பினால் இரண்டே புகாரில் அதைத் தாண்டிவிடுவீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் அனுப்புகிறவர் யார் என்று சரிபார்ப்பதையும் கடுமையாக்கிவிட்டன. அதனால் @ஜிமெயில் முகவரியை வைத்துக்கொண்டு மொத்தமாக அனுப்பும் சேவைகள் வழியாக அனுப்புவது சரிவராது. சொந்தமாக ஓர் இணைய முகவரி (டொமைன்) வாங்கி, கடிதம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் அதில் செய்துகொள்ளுங்கள். விஷயம் தெரிந்த பிள்ளைக்கு அரை நாள் வேலை.

என்ன எழுதுவது என்று குழம்ப வேண்டாம். இந்த முறை என்ன சுடுகிறீர்கள், எப்போது அனுப்புவீர்கள், விலை என்ன, அவ்வளவுதான். மாதம் ஒன்று போதும், தீபாவளிக்கு முன் வாரம் ஒன்று. ஒவ்வொரு கடிதத்தின் கீழும் விலகிக்கொள்ளும் இணைப்பு பளிச்சென்று தெரிய வேண்டும். விலகியவரைக் கூப்பிட்டு "ஏம்மா போயிட்டே?" என்று கேட்காதீர்கள், அக்கம்பக்கத்து ஊரில் அது பெரிய சங்கடம்.

பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கி, கடவுச்சொல் போட்ட ஒரே கோப்பில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டாம். உதவிக்கு வந்த பிள்ளை வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.