பட்டாணி குடும்பம்தானேனு லோகோவீட் செடியில குதிரையை மேய விடாதீங்க

கிழக்கு கொலராடோ பக்கம் நிலம் வாங்கி குதிரை வளர்க்குற நம்ம ஆளுங்களுக்காக இதை எழுதுறேன், ஏன்னா இந்த வசந்தத்துலயும் லோகோவீட்ங்குற விஷச் செடியைத் தின்ன ஒரு குதிரை கேஸ் வந்துடுச்சு, கேட்டா அதே பதில், "பட்டாணி குடும்பம்தானே டாக்டர், அல்ஃபால்ஃபா தீவனம் மாதிரி சத்துனு விட்டுட்டோம்".

எலும்பும் தோலுமா நின்னுச்சு அந்தக் குதிரை. தரையில கெடந்த தண்ணி பைப்பைத் தாண்ட, ஏதோ வேலியைத் தாண்டுற மாதிரி காலை அவ்வளவு ஒசரம் தூக்குது. தலைக்கயிறு மாட்ட கையைக் கொண்டு போனா மெரண்டு பின்னங்கால்ல எழும்புது.

குடும்பம் ஒண்ணுனா குணமும் ஒண்ணா? குன்றிமணியும் இதே குடும்பம்தான், அதை வேகவெச்சு சாப்பிடுவோமா? லோகோவீட்லயும் புரதம் இருக்கு, இல்லைங்கல, ஆனா அதுக்குள்ளயே வாழுற ஒரு பூஞ்சை ஸ்வைன்சோனைன்னு விஷத்தை செஞ்சு வெச்சிருக்கு. வெளிய இருந்து பார்த்தா பூஞ்சை இருக்குறதே தெரியாது, செடி பச்சைப்பசேல்னு நிக்கும், விதை வழியா அடுத்த செடிக்கும் போயிடும். காயவெச்சா விஷம் போயிடும்னு சொல்றாங்க பாருங்க, போகவே போகாது, காஞ்ச தீவனக் கட்டுக்குள்ள இருந்தாலும் விஷம் விஷம்தான்.

"இந்தச் செடியோட போதைக்கு அடிமையாயிடுச்சு"னு குதிரை மேல பழி போடாதீங்க. மத்த புல்லு துளிர்க்குறதுக்கு முன்னாடியே இது பச்சையாயிடும், பசிச்ச குதிரை வேற எதைத் திங்கும்?

அதனால தயவுசெஞ்சு, குதிரையை அவுத்து விடுறதுக்கு முன்னாடி நிலத்தை ஒருதடவை நடந்து பாருங்க. தரையோட கொத்தா இலை, இலை மேல பட்டு மாதிரி வெள்ளை முடி, நடுவுல இலையே இல்லாத காம்பு, அதுல ஊதாவோ வெள்ளையோ பட்டாணிப்பூ, பூவோட அடி இதழ் நுனியில சின்னதா ஒரு மூக்கு. இது கண்ணுல பட்டா அந்தப் பக்கம் வேலி போடுங்க, புல்லு நல்லா வர்ற வரைக்கும் தீவனம் வாங்கிப் போடுங்க. செனைக் குதிரைனா இன்னும் கவனம், கரு கலைஞ்சிடும். கொஞ்சம்தான் முளைச்சிருக்குனா வேரோட தோண்டி எடுங்க, ஆனா விதை மண்ணுக்குள்ள பல வருஷம் தூங்கும், அதனால வருஷா வருஷம் பாக்கணும்.

ஏற்கனவே தின்னுடுச்சா, உடனே அந்த இடத்துல இருந்து மாத்துங்க. இதுக்கு விஷ முறிவு மருந்து கிடையாது. விஷம் சில நாள்ல உடம்பை விட்டுப் போயிடும், உடம்பும் தேறும், நரம்புல ஆன சேதம் முழுசா சரியாகாது. பாக்க நல்லா இருக்குனு புள்ளைங்களை மட்டும் அது மேல ஏத்தாதீங்க, எப்ப மெரளும்னு யாராலயும் சொல்ல முடியாது. விக்கிறதா இருந்தா வாங்குறவங்க கிட்ட இதை மறைக்காம சொல்லிடுங்க.